பண்டிகைப் பலகாரமா, பத்திய மருந்தா?

தீபாவளி நெருங்கும்பொழுது சிவகிரிக் கடைவீதியில் கால் வைக்க இடமிராது. மேற்கே மலைத்தொடர் முகில் போர்த்து நிற்க, இராசபாளையம் - தென்காசிச் சாலையில் வந்திறங்கும் கூட்டம் துணிக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். அதிரசம், சீரணி மிட்டாய், லட்டு, மிக்சர் என்று அடுக்கி வைத்த பண்டங்களுக்கு நடுவே அண்மைக் காலமாக ஒரு புதிய விருந்தாளி வந்து அமர்ந்திருக்கின்றார். அவர் பெயர் ‘ஆயுர்வேத பிஸ்கோத்து’. பொட்டலத்தின் மேலே துளசி இலையின் படம். அதன் கீழே, ‘வெள்ளைச் சர்க்கரை அறவே இல்லை, கருப்பட்டியும் தேனும் மட்டுமே’ என்ற வாசகம். அதற்கும் கீழே, ‘அனைவருக்கும் ஏற்றது’ என்ற உறுதிமொழி. தீபாவளிக்கு வந்த இவ்விருந்தாளி கிறித்துமஸ் வரையிலும் பொங்கல் வரையிலும் கூடத் தங்கிவிடுகின்றார்.

இந்தப் பிஸ்கோத்தை நான் வெறுப்பவன் அல்லன். கேழ்வரகும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்து வேகும் வாசனைக்கு மயங்காதவர் யார்? எங்கள் வீட்டு அடுப்பிலேயே அதைச் சுட்டுப் பார்த்திருக்கின்றேன். என் வழக்கெல்லாம் அதன் நெற்றியில் ஒட்டப்பட்டிருக்கும் பட்டத்தின்மேல்தான். பலகாரத்தைப் பலகாரம் என்று சொல்லி விற்றால் தீங்கில்லை. அதையே மருந்து என்று சொல்லி விற்கும்போதுதான் தீங்கு பிறக்கின்றது. இக்கருத்தை நூல் வழியாகவும், வேதியியல் வழியாகவும், எங்கள் வீட்டில் நடந்த ஒன்றின் வழியாகவும் இங்கே எடுத்து வைக்க விரும்புகின்றேன்.

சீனி வந்த வழி

முதலில் பெயர்களைப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் வெள்ளையாக இருப்பதைச் ‘சீனி’ என்போம். சீன நாட்டிலிருந்து வந்தது என்பது அப்பெயரின் பொருள். ஆனால் வரலாறு சொல்லும் கதையோ வேறு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலையை உலகிற்குக் கற்றுக் கொடுத்தது இந்திய நாடே. கி.பி. 647-இல் தாங் மரபைச் சேர்ந்த சீனப் பேரரசர் தைசோங், அக்கலையைக் கற்று வருவதற்காகவே மகத நாட்டிற்குத் தம் ஆட்களை அனுப்பினார். பிற்காலத்தில் சீனர் அதை இன்னும் வெளுப்பாகச் செய்யப் பழகிக் கப்பலேற்றி நமக்கே அனுப்பினர். நாமும் ஆசிரியர் பெயரை மறந்து மாணவர் பெயரைச் சரக்கிற்குச் சூட்டிவிட்டோம்!

‘சர்க்கரை’ என்ற சொல்லும் அப்படியே. பருக்கைக் கல்லைக் குறிக்கும் ‘சர்க்கரா’ என்ற வடசொல்லே பாரசீகம், அரபு நாடுகள் வழியாக மேனாடு சென்று ‘சுகர்’ ஆயிற்று. ‘கண்டம்’ என்ற சொல் நம்மிடம் கற்கண்டாகவும், ஆங்கிலேயரிடம் ‘கேண்டி’யாகவும் நிற்கின்றது. ஆகவே, வெல்லமும் கருப்பட்டியும்தான் நம் முன்னோர் கண்டவை, படிகச் சர்க்கரை வெள்ளைக்காரன் கொண்டுவந்த நஞ்சு என்று மேடையில் முழங்குவோர், சொற்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

நூல்கள் என்ன கூறுகின்றன?

ஆயுர்வேதம் என்று பொட்டலம் கூறுவதால், ஆயுர்வேத நூலையே சாட்சிக்கு அழைப்போம். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 27-ஆம் அத்தியாயம் உணவுப் பொருள்களின் குணங்களைப் பேசுவது. கரும்பிலிருந்து கிடைக்கும் வெல்லம், மத்ஸ்யண்டிகை, கண்டம், சர்க்கரை ஆகியவற்றை அது வரிசையாகக் கூறுகின்றது. ஒன்றைவிட ஒன்று தூய்மை மிகுந்தது. தூய்மை மிக மிகக் குளிர்ச்சியும் மிகும் என்பது அதன் கருத்து. அதாவது, எது ‘அறவே இல்லை’ என்று நம் பொட்டலம் பெருமையடித்துக் கொள்கின்றதோ, அதன் முன்னோனைத்தான் அந்நூல் வரிசையின் உச்சியில் வைக்கின்றது! அக்காலச் சர்க்கரையும் இக்கால ஆலைச் சீனியும் முற்றிலும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் சர்க்கரையை விலக்குவதுதான் ஆயுர்வேதம் என்று சொல்வதற்கு அந்நூலில் இடமில்லை.

மற்றொரு சான்று. இருமலுக்கு வைத்தியர்கள் கொடுக்கும் சிதோபலாதி சூரணத்தை நாம் அறிவோம். அதன் அளவு 16 பங்கு கற்கண்டு, 8 பங்கு மூங்கிலுப்பு, 4 பங்கு திப்பிலி, 2 பங்கு ஏலம், 1 பங்கு இலவங்கப்பட்டை. மொத்தம் 31 பங்கில் 16 பங்கு கற்கண்டே. சூரணத்தின் பெயரில் உள்ள ‘சிதோபலா’ என்பதே கற்கண்டைக் குறிக்கும் சொல்தான்.

அடுத்துத் தேன். தேனைச் சூடாக்கி உண்ணலாகாது என்பது சரகர் வற்புறுத்திக் கூறும் விதிகளுள் ஒன்று. நம் பக்கத்தில் இலேகியம் கிண்டும் பெரியவர்களும் இதை அறிவார்கள். பாகு காய்ச்சி, மருந்துப் பொடி தூவி, நெய் விட்டுக் கிளறி இறக்கி, நன்றாக ஆறிய பிறகே தேனைச் சேர்ப்பார்கள். மாவில் தேனைக் கலந்து, பேக்கரிச் சூளையின் கடுஞ்சூட்டில் வேகவைத்து எடுத்து, அதற்கு ஆயுர்வேதப் பட்டமும் கட்டினால், அந்நூலை எழுதியோர் அதை எவ்வாறு ஏற்றுக்கொள்வர்? பிஸ்கோத்தில் தேன் சேர்ப்பதை நான் தடுக்கவில்லை, சுவையாகத்தான் இருக்கின்றது. ஆயுர்வேதத்தின் பெயரால் ஆயுர்வேதத்தின் விதியையே மீறுவதுதான் வேடிக்கை என்கின்றேன்.

மேலும் இது இன்று வெறும் வேடிக்கையாக மட்டும் இல்லை, சட்டமும் ஆகும். 2022-இல் ‘ஆயுர்வேத ஆகாரம்’ பற்றிய விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டது. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் கூறப்பட்ட செய்முறை, பொருள், வழிமுறை ஆகியவற்றின்படி செய்த உணவே அப்பெயருக்கு உரியது; இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு உரிய உணவை அப்பெயரில் செய்யலாகாது என்பவை அவ்விதிகளுள் அடங்கும். கடைவீதியில் ‘அனைவருக்கும் ஏற்றது’ என்று அச்சிட்டுத் தள்ளுவோருள் எத்தனை பேர் இதைப் படித்திருப்பர்?

நம் நாட்டு மருத்துவமோ சித்த மருத்துவம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடந்து வருகின்றது. அந்த மரபில் பனைவெல்லத்திற்கு இடம் உண்டு. இலேகியத்தின் உடம்பே பெரும்பாலும் அதுதான். ஆனால் இலேகியத்திற்கு ஓர் அளவும் உண்டு. தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை முதலியன சேர்த்த தீபாவளி மருந்தை வீட்டுப் பெரியவர்கள் உள்ளங்கையில் வைப்பார்கள். எவ்வளவு? ஒரு நெல்லிக்காய் அளவு! இரண்டாவது உருண்டை கேட்டால் கிடைக்காது. மருந்திற்கும் பலகாரத்திற்கும் உள்ள வேற்றுமை அந்த நெல்லிக்காயில் இருக்கின்றது. காரம் கூட்டியோ, மூலிகை தூவியோ பலகாரத்தை மருந்தாக்கிவிட முடியாது. அளவு நிற்கும் இடத்தில்தான் மருந்து நிற்கும்.

வேதியியல் கூறும் உண்மை

நான் வேதியியல் பயிலும் மாணவன். எங்கள் வகுப்பில் சுக்ரோஸின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது, அது கரும்பிலிருந்து வந்ததா, பனையிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், அவ்வளவுதான். வயிற்றிற்குள் சென்றதும் அது குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிந்துவிடும். எந்த மரத்திலிருந்து வந்தாய் என்று குடல் விசாரிப்பதில்லை.

ஆலைச் சீனியில் 100 கிராமுக்கு 99 கிராமுக்கு மேல் சுக்ரோஸ். கருப்பட்டியில் ஏறத்தாழ 75 முதல் 85 கிராம் வரை சர்க்கரைப் பொருளே. எஞ்சியது ஈரமும், உப்புச் சத்துகளும், நிறமும் மணமும் தரும் பொருள்களும். இந்த எஞ்சிய பகுதியில்தான் கருப்பட்டியின் அழகெல்லாம் இருக்கின்றது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அழகைக் காட்டி, எஞ்சாத பெரும்பகுதியை மறைக்கலாமா?

‘கருப்பட்டியில் இரும்புச் சத்து இருக்கின்றதே!’ என்பர் சிலர். இருக்கின்றது. ஆனால் ஒரு பிஸ்கோத்தில் சேரும் கருப்பட்டி 3 கிராம் அளவுதான். அதில் கிடைக்கும் இரும்பு அரை மில்லிகிராம் கூட இராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி வளர்ந்த பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 29 மில்லிகிராம். பிஸ்கோத்து தின்று அதை அடைய முயன்றால், இரும்பு வந்து சேருமுன் வேறு பலவும் வந்து சேர்ந்துவிடும்! இரும்பு வேண்டுவோர்க்கு முருங்கைக் கீரை இருக்கின்றது, பயறு இருக்கின்றது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. உணவில் நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, மொத்த ஆற்றலில் 10 சதவிகிதத்திற்குள் இருக்கவேண்டும். 5 சதவிகிதத்திற்குள் இருந்தால் மேலும் நன்று என்கின்றது அது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர்க்கு இது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். சீனி மட்டுமே இக்கணக்கில் வரும் என்று எண்ணவேண்டா. தேனும் பாகும் பழச்சாறும் கூட அதில் அடக்கம்.

இந்தக் கணக்கு நம் நாட்டிற்கு ஏன் இன்றியமையாதது? சென்னை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வொன்று 2023-இல் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் என்றும், அதன் வாசற்படியில் நிற்போர் மேலும் 13 கோடியே 60 இலட்சம் என்றும் அது மதிப்பிட்டது. ‘அனைவருக்கும் ஏற்றது’ என்று எழுதும் பேனா, இந்த மக்களையும் சேர்த்துத்தான் எழுதுகின்றது.

எங்கள் ஆச்சியும் மாத்திரையும்

கோடிக்கணக்கைக் கூறினால் மனத்தில் தைக்காது. ஒருவரைக் கூறுகின்றேன். எங்கள் ஆச்சிக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையும் நடையுமாக அதைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். பண்டிகைக்கு லட்டு வந்தால், “எனக்கு வேண்டாம்லே, நீ தின்னு” என்று தட்டை எங்கள் பக்கம் நகர்த்திவிடும் கட்டுப்பாடு உடையவர்கள். சென்ற தீபாவளிக்கு என் மாமா வெளியூர்க் கடையொன்றிலிருந்து இந்த ஆயுர்வேத பிஸ்கோத்தை மூன்று பொட்டலம் வாங்கி வந்தார். “சர்க்கரைக்காரங்களும் தாராளமாச் சாப்பிடலாம்” என்று கடையில் கூறினார்களாம். தாய்க்கு ஆசையாக ஒன்றைக் கொடுக்க முடிகின்றதே என்ற மகிழ்ச்சி அவருக்கு.

பத்து நாள்களில் பொட்டலங்கள் தீர்ந்தன. அதற்குள் ஆச்சியின் காலில் செருப்பு உரசிய சிறு புண் பெரிதாகிவிட்டது. மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது வெறும் வயிற்றுச் சர்க்கரையே 300-ஐத் தாண்டி நின்றது. மாத்திரை ஒழுங்காகப் போடுகின்றீர்களா என்று அவர் கேட்டார். ஆச்சி கூறிய விடை எங்கள் எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. “மருந்து பிஸ்கோத்துதான் திங்கேனே, மாத்திரை வேற எதுக்குன்னு நிப்பாட்டிட்டேன்.”

பிஸ்கோத்து ஒன்றே அந்தப் புண்ணுக்குக் காரணம் என்று வழக்காட நான் வரவில்லை. பண்டிகைச் சாப்பாடும் அலைச்சலும் சேர்ந்திருக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்தச் செய்தது எது? பிஸ்கோத்தின் இனிப்பு அன்று; அதன்மேல் ஒட்டியிருந்த ‘மருந்து’ என்ற எண்ணம்! பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில், கருப்பட்டி 30 சதவிகிதம் என்று எழுதியிருந்தது. ஒரு பொட்டலம் 250 கிராம். மூன்று பொட்டலத்தில் 225 கிராம் கருப்பட்டி. இதை முன்புறம் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் ஆச்சியே கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்கள் பலசரக்குக் கணக்கில் பெரும் புலி.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. கால் தப்பியது. இன்றும் ஆச்சி என்னிடம் வாதாடுவது உண்டு. “சின்னப்பிள்ளையிலயிருந்து கருப்பட்டி திங்கேன்லே, அது என்னத்தச் செய்யும்?” என்பார்கள். “அப்போ எவ்வளவு ஆச்சி தின்னீங்க?” என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். வயல் வேலைக்குப் போகுமுன் சுக்குத் தண்ணீருடன் கடித்துக்கொள்ள ஒரு துண்டு. பிறகு வெயிலில் நாள் முழுதும் நாற்று நடவு. அந்தத் துண்டிற்கும் இந்தப் பொட்டலத்திற்கும் கருப்பட்டி என்ற பெயர்தான் பொது.

அடுப்படியில் ஒரு கணக்கு

அதன்பின் எங்கள் அம்மாவும் நானும் வீட்டிலேயே பிஸ்கோத்து சுட்டுப் பார்த்தோம். சூளை எதற்கு? குக்கரின் வளையத்தையும் குண்டையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, பத்து நிமிடம் சூடேற்றினால் அதுவே சூளை. கேழ்வரகு மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், நெய் 100 கிராம், கருப்பட்டி 80 கிராம், பால் ஒரு சிறு கை அளவு, சுக்குப் பொடி, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான் சரக்கு.

செய்யும்போது கற்ற பாடங்கள் சில. கருப்பட்டியை அப்படியே தட்டிப் போடலாகாது. அடியில் மணல் தங்கியிருக்கும். சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, கெட்டியாகக் காய்ச்சி ஆறவிடவேண்டும். கேழ்வரகில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசை கிடையாது. ஆதலால் கோதுமை துணைக்கு வராவிட்டால் எடுக்கும்போதே உதிர்ந்துவிடும். கருப்பட்டி சீனியைவிட விரைவில் கருகும். தணலைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். அது காற்றின் ஈரத்தையும் இழுக்கும். எனவே மறுநாள் மொறுமொறுப்புக் குறைந்தால் வருந்த வேண்டா. காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும்.

இந்த அளவில் 25 பிஸ்கோத்து வரும். இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு பிஸ்கோத்தில் கருப்பட்டி 3 கிராமுக்குச் சற்று மேல். நெய் 4 கிராம். ஆற்றல் ஏறத்தாழ 75 கலோரி. அதில் பாதியளவு நெய்யினால் வருவது! வெள்ளைச் சர்க்கரை இல்லை என்ற ஆரவாரத்தில், நெய் என்ற நண்பர் ஓசையின்றி உள்ளே நுழைந்துவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. நான்கு பிஸ்கோத்து தின்றால் 300 கலோரி. எங்கள் வீட்டில் அது ஆறு இட்லிக்குச் சமம்.

கருப்பட்டிக்குப் பதில் அதே எடைச் சீனி போட்டிருந்தால் சர்க்கரை 80 கிராம்; கருப்பட்டி போட்டதால் 65 கிராம் அளவு. இலாபம் உண்டு, ஆனால் சிறு இலாபம். இனிப்புப் போதவில்லையே என்று மேலும் 20 கிராம் கருப்பட்டி தட்டிப் போட்டால் அந்த இலாபமும் போயிற்று.

இத்தகைய மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்துக் கிறித்துமஸ் பிஸ்கோத்து நெடுங்காலப் புகழ் உடையது. தேனும், பட்டை, கிராம்பு, ஏலம் முதலிய கீழ்நாட்டு வாசனைப் பொருள்களும் சேர்த்துச் செய்வது. அவ்வாசனைப் பொருள்களை அந்நாளில் அவர்களும் மருந்தாகவே போற்றினர். ஆனால் மிளகும் பட்டையும் கடல் கடந்து வந்து பொன் விலைக்கு விற்ற காலம் அது. அளவுக்கு மீறித் தின்ன எவராலும் இயலாது. விலையே வைத்தியராக நின்று அளவைக் காத்தது. இன்று அந்த வைத்தியர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே அறிவு அந்த நாற்காலியில் அமரவேண்டும்.

பின் கருப்பட்டி எதற்கு?

‘அப்படியானால் கருப்பட்டியை விட்டுச் சீனிக்கே போய்விடலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டா! கருப்பட்டியைத் தேர்ந்துகொள்ள மருந்தைவிட மேலான காரணங்கள் இருக்கின்றன.

முதற்காரணம் சுவை. முந்திரிக்கொத்தைக் கருப்பட்டியில் செய்து பாருங்கள், சீனியில் செய்து பாருங்கள். வேறு சாட்சி வேண்டுமா? இரண்டாவது காரணம் பனை. 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரம் அது. நீர் பாய்ச்சாமல் நின்று, நுங்கும் கிழங்கும் ஓலையும் பதநீரும் தருவது. மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், அம்மரத்தில் ஏறும் மனிதர்.

பனையேறி ஒரு மரத்தில் காலையும் மாலையும் என இரு முறை ஏறவேண்டும். ஒவ்வொரு முறையும் பாளையைச் சீவவேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவவேண்டும். தவறினால் பதநீர் கள்ளாகப் புளித்துவிடும். இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் புகையடுப்பின் முன் நின்று மணிக்கணக்கில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கின்றனர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். மரத்திலிருந்து விழுந்தால் கேட்பதற்கு நாதியில்லை. மகன் ஏற வரமாட்டேன் என்கின்றான்; அவனைக் குறை கூற நமக்கு என்ன உரிமை?

தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இவை நல்ல செய்திகள். ஆனால் கருப்பட்டி மருந்து என்று பேர் பரவப் பரவ, தேவை பெருகுகின்றது. ஏறும் ஆட்களோ குறைகின்றனர். இந்த இடைவெளியை நிரப்ப வருவது எது தெரியுமா? சீனியேதான்! ஆலைச் சீனியைக் கரைத்துச் சிறிது கருப்பட்டியுடன் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி விற்கும் கலப்படம் நாடறிந்தது. வெள்ளைச் சர்க்கரை இல்லாத பிஸ்கோத்து என்று காசு கொடுத்து வாங்குகின்றோம். அதன் கருப்பட்டிக்குள்ளேயே வெள்ளைச் சர்க்கரை முக்காடிட்டு அமர்ந்திருக்கின்றது. ஏமாறுபவர் இருவர்: உண்பவர் ஒருவர், விலை கிடைக்காத உண்மையான பனையேறி மற்றொருவர்.

சர்க்கரையை மறுப்பதற்கு மருந்தல்லாத காரணமும் உண்டு என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று கூறுவேன். 1791-ஆம் ஆண்டு, அடிமை வாணிகத்தை ஒழிக்க வந்த மசோதாவைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தோற்கடித்தது. உடனே அந்நாட்டில் இலட்சக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தனர். அடிமைகளின் இரத்தம் கலந்த இனிப்பு எங்களுக்கு வேண்டா என்றனர். அடிமை முறை ஒழிந்தபின் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆளாகச் சென்றவர்கள் யார்? நம்மவர்களே! சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை 1860 நவம்பரில் டர்பனில் கொண்டு இறக்கியது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக எட்டயபுரத்துப் பாரதி கண்ணீரோடு பாடினார். இனிப்பை வாங்குமுன், இது என் உடம்பிற்கு என்ன செய்யும் என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. இதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்பது மறுபாதி.

நாம் செய்யத்தக்கவை

வெறுமனே குறை கூறிப் போவது மாணவர்க்கு அழகன்று. ஆகவே சில வழிகளைச் சொல்லி அமைகின்றேன்.

ஒன்று, பிஸ்கோத்து செய்து விற்போர் பொட்டலத்தின் முன்புறத்திலேயே, ஒரு பிஸ்கோத்தில் இத்தனை கிராம் கருப்பட்டி, இத்தனை கிராம் நெய் என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடட்டும். ‘சர்க்கரை நோயாளிகளும் உண்ணலாம்’ என்ற வாய்ச்சொல்லை விட்டொழிக்கட்டும். நல்ல பண்டத்திற்குப் பொய்ப் பட்டம் தேவையில்லை.

இரண்டு, வாங்குவோர் மலிவான கருப்பட்டியைக் கண்டால் மகிழாமல் ஐயுறட்டும். எட்டு லிட்டர் பதநீரும், இரு வேளை ஏற்றமும், ஒரு நாள் விறகும் அடங்கிய பொருள் சீனி விலைக்குக் கிடைக்குமா என்று கணக்குப் போடட்டும். குறைவாக வாங்குவோம், நல்லதாக வாங்குவோம், உரிய விலை கொடுப்போம்.

மூன்று, விருந்தோம்பலில் ஒரு திருத்தம். “கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது, இன்னும் ரெண்டு எடுங்க” என்று நோயாளிகளை வற்புறுத்துவது நம் ஊரில் அன்பின் அடையாளமாக இருக்கின்றது. தட்டில் இரண்டை மட்டும் வைத்துத் தண்ணீரும் பேச்சும் நிறையக் கொடுப்பதும் அன்புதான். வேண்டா என்று கூறுபவரை மறுமுறை கேளாதிருப்பது அதனினும் பெரிய அன்பு.

நான்கு, நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். வேதியியல், தாவரவியல், பொருளியல் துறைகள் சேர்ந்து, நம் வட்டாரத்தில் கிடைக்கும் கருப்பட்டியைச் சோதித்துப் பார்க்கும் பணியை மாணவர்க்குச் செயல்திட்டமாகக் கொடுக்கலாம். சீனி கலந்திருக்கின்றதா, ஈரம் எவ்வளவு, விலையில் பனையேறிக்குச் சேர்வது எவ்வளவு என்று கண்டறிந்து இதே மலரில் வெளியிட்டால், அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கு நம் மக்களுக்கு அதைவிடப் பயனுள்ள பரிசு வேறில்லை.

திருக்குறள் 95-ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். ஆனால் அதைப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. அங்கே மூலிகைப் பட்டியல் இல்லை. இலேகியச் செய்முறை இல்லை. அளவறிந்து உண், பசித்து உண், முன் உண்டது செரித்தபின் உண் என்பதைத்தான் வள்ளுவர் திரும்பத் திரும்பக் கூறுகின்றார். மருந்து அங்காடியில் இல்லை, அளவில் இருக்கின்றது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

ஆகவே நண்பர்களே, பண்டிகைக்குப் பிஸ்கோத்து சுடுங்கள். கருப்பட்டியே போடுங்கள். சுக்கும் ஏலமும் தூவுங்கள். மணக்க மணக்கத் தட்டில் வையுங்கள். ஆனால் அதைப் பலகாரம் என்றே சொல்லுங்கள். நம் வீட்டு முதியவர் எவரும் ஒரு சொல்லை நம்பித் தம் மாத்திரையைத் தள்ளி வைக்காதிருக்கட்டும்!